கல்லில் ஊறிய லட்சுமி

"பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ரவி வர்மா அச்சகத்தின் லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இத்தனை வண்ணங்களை எப்படி அச்சிட்டார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கல்லை வைத்துத்தான்.

ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துக்கு இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முறையும் அந்நாட்டுடையதே. நாடகங்கள் எழுதிய அலாய்ஸ் செனஃபெல்டர், அவற்றைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடி, 1796 முதல் மியூனிக்கில் கல்லோடு போராடிக் கண்ட முறை இது. அதற்குப் பேர்போன சுண்ணாம்புக்கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபெனில் கிடைப்பது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற தொல்பறவை புதைந்து கிடந்ததும் அதே கல்லில்தான். அதன் பெயரோடு ஒட்டியிருக்கும் 'லித்தோகிராபிகா', லித்தோகிராஃபி எனப்படும் இந்தக் கல்லச்சுக்கலை தந்த பெயர்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும்போது எழுத்தின் மேடு மை ஏந்தும். கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வழவழப்பாகத் தேய்த்த கல்லின் மேல் மெழுகும் சோப்பும் கரியும் கலந்த குச்சியால் இடவல மாற்றிப் படம் வரைகிறார்கள். அதன் மேல் வேலம் பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்து பூசுகிறார்கள்.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகி, வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். நீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பின் கொழுப்பு அமிலம் சேர்ந்து உண்டாகும் படிவு அது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. சுண்ணாம்புக்கல்லோ முழுக்கக் கால்சியம் கார்பனேட். வரைந்த கோடுகளின் கொழுப்பு கல்லோடு சேர்ந்து அதே படிவாகிவிடுகிறது. வரையாத இடங்களைப் பிசின் பற்றிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது.

இனி நடப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. டர்பன்டைன் ஊற்றிப் படத்தையே துடைத்துவிடுகிறார்கள்! வெறுங்கல்தான் கண்ணுக்குத் தெரியும். ஈரத் துணியால் ஒற்றி, எண்ணெய் மை தடவிய உருளையை உருட்டினால், ஈரம் மையை விலக்க, கொழுப்பு மையை இழுக்க, துடைத்த லட்சுமி மீண்டும் எழுந்து வருகிறாள்.

ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒவ்வொரு முறையும் தாள் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். கடைசியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியத்தின் மினுமினுப்பு வந்துவிடும். இன்று சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களிலும் நீரும் எண்ணெய் மையும் ஒட்டாத அதே பகைதான் வேலை செய்கிறது. கல்லின் இடத்தில் அலுமினியத் தகடு இருக்கிறது.

கிழிந்த சாமி படம் வீட்டுக்கு ஆகாது என்று மரத்தடியிலும் ஆற்றிலும் போடுவதைக் காணும்போது மனம் பதைக்கிறது. அது தீட்டல்ல, நம் அச்சுக்கலையின் ஆவணம். அவற்றைத் திரட்டிப் பாதுகாக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகி தம் பாட்டியின் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கட்டும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால், அவை கை வைத்தவை அல்ல; அது பிற்கால மறுபதிப்பு. ஒழுங்கற்று, ஒன்றுபோல் ஒன்றில்லாமல் புள்ளிகள் சிதறியிருந்தால், அவை ஒரு கலைஞர் கல்லின் மேல் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் வைத்தவை.