மூன்று மணிக்கே விழிப்பு: தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்

"படுத்தா தூங்கிடுறேன் டாக்டர். ஆனா மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது." கடலூரில் என்னிடம் வருபவர்களில் பலர் இப்படிச் சொல்லிவிட்டு உடனே தூக்க மாத்திரை கேட்கிறார்கள். காரணம் தெரியாமல் மாத்திரை எழுத எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் கேட்பது, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று. பல வருடம் விடியுமுன் கடலுக்குப் போன தேவனாம்பட்டினத்துப் பெரியவர் எட்டு மணிக்கே படுத்தால், மூன்று மணிக்குள் ஏழு மணி நேரம் தூங்கியாயிற்று. இதற்கு மருந்தே வேண்டாம். படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டால் போதும்.

அடுத்தது சிறுநீர். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் புராஸ்டேட் வீங்கிய ஆண்களும் இதற்காகவே எழுகிறார்கள். கால் வீக்கம் இருந்தால், பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வெளியேறும். பிரஷருக்கான நீர் மாத்திரையை இரவில் போடுகிறவர்கள், காலைக்கு மாற்றலாமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது இதயத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டிவிடும். எழுந்தவர் சிறுநீர் முட்டியதால் எழுந்ததாக நினைப்பார், உண்மையில் எழுப்பியது மூச்சுத்திணறல். அதனால் பக்கத்தில் படுப்பவரையும் அழைத்து வரச் சொல்வேன்.

இரவில் குடித்தால் நல்ல தூக்கம் வருகிறது என்கிறார்கள். சீக்கிரம் கண் அசரும், சரி. ஆனால் போதை இறங்க இறங்கப் பின்னிரவுத் தூக்கம் கலைந்துபோகும். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் குடிக்கும் டீ, காபியும் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. விடியுமுன் விழிப்பு, காலையில் நெஞ்சு பாரமாக இருப்பது, மாலையில் சற்றுத் தேவலை, எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, தூக்கம் குறையத்தான் செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். இதைச் சிகிச்சையால் சரிப்படுத்த முடியும். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும், அந்த மூன்று மணிக்கும்கூட, இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.