வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும்

டோக்கியோவில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். விருந்தினருக்கு முறைப்படி தேநீர் கலந்து தரும் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கையும், அதன் பள்ளிகளில் ஒன்றான ஊராசென்கே மரபில் பயின்று வருகிறேன். இது தெரிந்தவர்கள், "தேநீர் வகுப்பில் சேர்ந்தால் மனசு அமைதியாகுமா?" என்று அடிக்கடி கேட்பார்கள். தாராளமாகச் சேருங்கள், ஆனால் அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆரம்பத்தில் அமைதிக்கு இடமே இருக்காது. ஃபுகுசா என்கிற பட்டுத்துணியை மடிப்பது, மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூள் இருக்கும் சிமிழைத் துடைப்பது என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் சொல்லித் தருவார்கள். கை கொஞ்சம் பழகும்போது மே மாதம் வந்துவிடும். தரைக்குள் பதித்த அடுப்பை மூடிவிட்டு, தரைமேல் வைக்கும் அடுப்புக்கு மாறுவார்கள். உட்காரும் கோணம், மூங்கில் அகப்பையை வைக்கும் விதம் எல்லாம் மாறும். நவம்பரில் மறுபடியும் பழைய அடுப்பு. எதையும் முதல் தடவையே சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது கஷ்டம்தான். அவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை என்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் இந்தப் பயிற்சி மனிதரை அதிகம் மாற்றுவது விருந்தினர் இடத்தில்தான் என்பது என் அனுபவம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தேநீர் கலக்குபவரைத்தான் கவனிக்கிறார்கள். வகுப்பிலோ மாணவர்கள் மாறி மாறி விருந்தினராகவும் உட்கார வேண்டும், அதற்கும் பயிற்சி உண்டு. முதலில் வரும் இனிப்பை முழுவதும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கிண்ணம் வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்" என்று தலைவணங்க வேண்டும், அப்புறம் தேநீர் தந்தவருக்கு வணக்கம். கிண்ணத்தின் அழகான முகப்பில் வாய் வைக்கக் கூடாது என்பதால் அதைச் சற்றுத் திருப்பிக் குடிக்க வேண்டும். கடைசி மடக்கைச் சத்தம் வர உறிஞ்சினால், குடித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். பிறகு தரையோடு குனிந்து, கிண்ணத்தைத் தாழப் பிடித்து, நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நேரமும் எழுந்துபோய் உதவி செய்ய முடியாது. "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மறுக்கவும் வழியில்லை. ஆலோசனைக்கு வருபவர்களில் நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், செவிலியர்கள், வீட்டுப் பாரம் முழுவதையும் சுமக்கும் பெண்கள் நிறைய. ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். ஒருவர் தங்களுக்காகவே சிரத்தையோடு ஒன்றைச் செய்யும்போது கூச்சப்படாமல் அதை ஏற்றுக்கொள்ளத்தான் அவர்களுக்கு வருவதில்லை. பேசிப் பேசி இதைப் புரியவைப்பது சிரமம். விருந்தினர் இருக்கையில் உடம்பே அதைக் கற்றுக்கொள்கிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

விருந்தினரை மையமாக வைப்பது பழைய மரபு. 1591இல் இறந்த தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ வடிவமைத்ததாகக் கருதப்படும் தாய்-ஆன் தேநீர் அறை, கியோத்தோவை ஒட்டிய யமசாகியில் இன்னும் இருக்கிறது. மொத்தமே இரண்டு பாய் அளவுதான். இப்படிப்பட்ட அறைகளின் சிறிய வாசலில் எந்தப் பெரிய மனிதரும் குனிந்து, முட்டியூன்றித்தான் நுழைய முடியும்.

சில விஷயங்களில் கவனம் தேவை. மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ மருந்து சாப்பிடுபவர்கள், தேநீர் பழகுகிறோம் என்று சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மாட்சாவில் கஃபீன் உண்டு, படபடப்போ தூக்கக் குறைவோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் மண்டியிட்டு உட்கார்ந்து அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேசை நாற்காலியில் செய்யும் ரியூரெய் முறையை 1872லேயே, கியோத்தோ கண்காட்சிக்காக, ஊராசென்கேயின் 11ஆம் தலைவர் கெங்கென்சாய் உருவாக்கிவிட்டார். தயங்காமல் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு மணி நேர நிகழ்ச்சி ருசி பார்க்க நல்லது, பயிற்சிக்குப் போதாது. வகுப்பில் சேரும் முன் ஒருநாள் போய்ப் பாருங்கள். மாணவர்களை விருந்தினராகவும் முறையாக உட்காரவைத்துப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு வகுப்பைத் தேடலாம்.