கடுவன் வந்தால்தான் முட்டை

குன்னூர் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். மீன் கடைகளுக்குப் பின்னால் திரிந்த பூனைகளையெல்லாம் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றி, காட் ரோட்டில் கீழே இருக்கும் பர்லியாரில் இறக்கிவிட்டு வந்தார்களாம். மூன்றே மாதத்தில் பழையபடி அதே கூட்டம். "அத்தனையும் காட் ரோடு ஏறித் திரும்பி வந்துடுச்சா சார்?"

வரவில்லை, இவை வேறு பூனைகள். மீன் குடல் அங்கேயேதான் விழுகிறது, எலியும் இருக்கிறது, மழைக்கு ஒதுங்கக் கடைகளின் அடிப்பலகை இருக்கிறது. இதுவரை அந்த இடத்தைக் காவல்காத்து மற்றவற்றை விரட்டிக்கொண்டிருந்த பூனைகள் மட்டும்தான் இல்லை, அதனால் பக்கத்துத் தெருவில் எலும்பும் தோலுமாக ஓரமாய் நின்றவை உள்ளே வந்துவிட்டன. டாஸ்மேனியாக் காடுகளில் ஆய்வாளர்கள் கொஞ்சம் பூனைகளைப் பிடித்து அகற்றிவிட்டுத் தானியங்கி கேமரா வைத்து எண்ணியபோது, குறைய வேண்டிய எண்ணிக்கை ஓரிடத்தில் 75 விழுக்காடும் இன்னோரிடத்தில் 211 விழுக்காடும் கூடியிருந்தது. பர்லியாரில் விடப்பட்டவற்றின் கதி வேறு. தெரியாத காட்டோரத்தில் பாதி பட்டினியில் சாகும், மீதி தாழ்வான புதரில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகளைத் தின்னும். இதைப் புண்ணியம் என்று சொல்லாதீர்கள்.

அதனால்தான் உலகில் பல ஊர்களில் பிடி, கருத்தடை செய், அதே இடத்தில் விடு என்கிறார்கள். இடம் காலியாவதில்லை, குட்டியும் பிறப்பதில்லை. சொல்ல எளிது. ஆனால் பூனையிடம் இது ஏன் இவ்வளவு இழுக்கிறது, நாலைந்து பூனைக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் ஏன் எதுவுமே நடக்காதது போலத் தெரிகிறது என்பதற்கு அதன் உடம்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

முதலில் வெளிச்சம். பெட்டைப் பூனை பருவத்துக்கு வருவதைத் தீர்மானிப்பது பகலின் நீளம். இரவு நீண்டால் மூளையின் பீனியல் சுரப்பி மெலடோனினை அதிக நேரம் சுரக்கும், அது இனப்பெருக்க ஹார்மோன்களை அடக்கிவைக்கும். லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது, அங்கே பூனைகளுக்கு ஆண்டுக் கடைசியில் ஓய்வு. நாம் இருப்பதோ 11 டிகிரி வடக்கில். இங்கே டிசம்பரில் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டே முக்கால், அவ்வளவுதான் வித்தியாசம். ஊட்டியில் புல்மேல் உறைபனி விழுந்து நமக்குப் பல் கிட்டினாலும் பூனையின் மூளை குளிரைக் கணக்கில் எடுப்பதில்லை, பகலைத்தான் எண்ணுகிறது. போதாக்குறைக்கு மார்க்கெட்டில் விடிய விடிய டியூப்லைட் வேறு. மலைமேல் இருந்தாலும் நம் பூனைகளுக்கு லீவே கிடையாது.

அடுத்தது அந்த நடுராத்திரி அலறல். குழந்தை அழுகிற மாதிரி, பேய் கத்துகிற மாதிரி என்று லைன் வீடுகளில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், சில வீடுகளில் சாவு வரப்போகிறது என்றே பயப்படுவார்கள். உண்மையில் அந்த அலறல் நேரத்தில் நடப்பது எந்தப் பேய்க்கதையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பெண்களுக்கு மாதக் கணக்கில் முட்டை வருகிறது, பசுவுக்கு இருபத்தொரு நாள் கணக்கு. காளை வந்தாலும் வராவிட்டாலும் பசுவின் முட்டை நேரத்துக்கு வெளியே வந்துவிடும். பூனைக்கு அப்படி இல்லை. முட்டைகள் சினைப்பையில் முதிர்ந்து தயாராகக் காத்திருக்கும், கடுவன், அதாவது ஆண் பூனை, வந்து சேரும்வரை பெரும்பாலும் வெளியே வருவதில்லை. கடுவனின் ஆண்குறியில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அது விலகும்போது அவை உரசுவதில்தான் பெட்டை அலறித் திரும்பிக் கடுவனை அறைகிறது. அந்த உரசலின் செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டில் ஏறி மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸுக்குப் போகிறது, அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டி எழுப்ப, சில நிமிடங்களிலேயே முட்டையை வெளியே தள்ளும் லூட்டினைசிங் ஹார்மோன் ரத்தத்தில் பாய்கிறது, ஓரிரு நாளில் முட்டைகள் வெளியேறுகின்றன. ஒரு தடவை சேர்ந்தால் ஹார்மோன் அளவு பல சமயம் போதாது, அதனால்தான் அடுத்தடுத்துப் பல தடவை, சில நேரம் வேறு வேறு கடுவன்களோடு. ஒரே ஈற்றில் ஒன்று கறுப்பு, ஒன்று செம்பட்டை என்று பிறந்தால் அப்பாக்களே வேறாக இருக்கலாம்.

தனித்துத் திரியும் விலங்குக்கு இது எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு பாருங்கள். நம் வீட்டுப் பூனையின் மூதாதையான வட ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை பரந்த வறண்ட நிலத்தில் தனியாக அலைவது. கடுவன் என்றைக்குக் கண்ணில் படும் என்று தெரியாத இடத்தில் நாள் கணக்கு வைத்து முட்டையை வீணாக்குவதைவிட, ஆள் வந்ததும் கதவைத் திறப்பது லாபம். அந்தப் பாலைவன ஏற்பாட்டைக் கொண்டுவந்து, பத்தடிக்கு ஒரு கடுவன் உட்கார்ந்திருக்கும் மீன் மார்க்கெட்டில் வைத்திருக்கிறோம். சேர்க்கை கிடைக்காவிட்டால் ஓரிரு வாரத்தில் மறுபடி பருவம், கிடைத்தால் அறுபத்து மூன்று நாள் சுமாருக்கு நாலு குட்டி, அந்தக் குட்டிகளே ஐந்தாறு மாதத்தில் தாய். இதில் ஒரு கடுவன் மிச்சம் இருந்தாலும் போதும், எல்லாப் பெட்டைகளுக்கும் கதவு திறந்துவிடும். அதனால்தான் கடுவன்களை மட்டும் காயடிப்பது வீண் வேலை, ஓரிடத்துப் பெட்டைகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறுகிய காலத்தில் முடித்தாக வேண்டும் என்கின்றன கணக்குகள். குன்னூரில் நாலு, வெலிங்டனில் மூன்று, கோத்தகிரியில் இரண்டு என்று தெளித்தால் மருத்துவர் செலவுதான் மிச்சம்.

இதே பூட்டைத் திருப்பியும் போடலாம் என்பது இன்னும் அழகு. கடுவனைக் காயடிக்காமல் விந்துக்குழாயை மட்டும் வெட்டிக் கட்டிவிட்டால், ஹார்மோன் இருக்கிறது, முள்ளும் இருக்கிறது, அது தன் இடத்தைக் காத்துக்கொண்டு வழக்கம்போலச் சேரும். பெட்டையின் முட்டை வெளியேறும், கரு இருக்காது, ஆனால் உடம்பு சினை என்று நம்பி நாற்பது நாளுக்கு மேல் பருவத்துக்கே வராது. 2013-இல் வெளியான ஒரு கணினி மாதிரியில், கடுவனுக்கு இப்படியும் பெட்டைக்குச் சினைப்பையை விட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தும் பார்த்தபோது, ஆண்டுக்கு 35 விழுக்காட்டைப் பிடித்தாலே கூட்டம் பாதியானது. ஆனால் சண்டை, அலறல், சுவரில் அடிக்கும் மூத்திர நாற்றம் எல்லாம் அப்படியே இருக்கும் என்பதால் அக்கம்பக்கத்தார் நம்மைத்தான் திட்டுவார்கள். நம் தெருக்களுக்கு வழக்கமான அறுவைதான் தோது.

அறுவையே இல்லாமல் ஒரு ஊசியில் முடியாதா? கேரி மைக்கேல்சன் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் அப்படியொரு ஊசிக்கு 2008-இல் இரண்டரைக் கோடி டாலர் பரிசு அறிவித்தார். 2023-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகமும் பாஸ்டன் ஆய்வாளர்களும், சினைப்பையை அடக்கும் ஒரு ஹார்மோனுக்கான மரபணுவை ஊசியில் ஏற்றி ஆறு பெட்டைகளுக்குப் போட்டார்கள். கடுவனோடு விட்டும் ஒன்றுகூடச் சினையாகவில்லை, ஊசி போடாத மூன்றும் குட்டி போட்டன. இந்தப் பணம் எங்கிருந்தோ ஒரு பணக்காரர் சட்டைப் பையிலிருந்து வர வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு எரிச்சல். 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கி வெறிநாய்க்கடிக்கு மருந்து கொடுத்த ஊர் இது. தெருநாய், பூனைப் பிரச்சினை நம்முடையது, அதற்கான ஊசியும் இங்கே பிறந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, ஊசி வரும்வரை கூண்டுதான். எங்கள் தெருவில் இரண்டு மாதமாகச் செய்கிறோம். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சோறு வைத்துப் பழக்கிவிட்டு, பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவு பட்டினி போட்டு, கூண்டின் கடைசியில் நெத்திலிக் கருவாடு வைக்கிறோம். மிதிபலகையில் கால் பட்டுக் கதவு விழுந்ததும் பூனை கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளப் பார்க்கும், அந்த நொடியே கூண்டின்மேல் ஒரு பழைய கம்பளியைப் போர்த்த வேண்டும். இருட்டானதும் அப்படியே அடங்கிவிடும். பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல், மயக்கத்தில் அது சட்டென்று இறங்கும், அதிலும் ஜனவரிக் குன்னூரில். அறுவை முடிந்து வந்த ராத்திரி வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, காது நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அந்தக் காதின் நுனியில்தான் ஒரு சென்டிமீட்டர் அளவு நேராக வெட்டியிருப்பார்கள், தூரத்திலிருந்தே முடிந்த பூனை என்று தெரிய. வெறிநோய்த் தடுப்பூசியும் அதே மயக்கத்திலேயே.

"அறுத்துட்டா அப்புறம் எலி பிடிக்குமா சார்?" என்று மீன்கார அண்ணன் கேட்டார். பிடிக்கும் அண்ணா, வேட்டையைக் கற்றுக்கொடுப்பது தாய், சினைப்பை அல்ல. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதும் கதைதான். ஆறு மாத வயதுக்கு முன்பே அறுவையைச் செய்துவிட்டால் பின்னால் மடியில் புற்று வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று நிற்பவர்கள்கூட எங்களுக்கு ஒரு விதத்தில் உதவிதான், எந்தத் தெருவில் எத்தனை பூனை என்று அவர்களைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை.

எல்லாக் குட்டியையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் பிறப்பவற்றில் நான்கில் மூன்று ஆறு மாதத்துக்குள் செத்தோ காணாமலோ போகின்றன என்று ஒரு அமெரிக்க ஆய்வு கண்டது. மனிதரிடம் பழகும் குட்டிகளுக்கு வீடு தேடித் தருவதும் இதில் சேர்த்திதான். புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பதினோரு ஆண்டில் 155 பூனைகளைக் கையாண்டு கடைசியில் 23 மிஞ்சியதற்கு, கிட்டத்தட்டப் பாதியை வீடுகள் எடுத்துக்கொண்டது பெரிய காரணம்.

எங்கள் தெருவில் பதினான்கில் பதின்மூன்று முடிந்தது. பாக்கி ஒரு சாம்பல் பெட்டை. கதவு விழும் சத்தத்தை இரண்டு முறை கேட்டுவிட்டது, கூண்டைப் பார்த்தாலே டீக்கடைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கருவாட்டை மாற்றி நாளைக்கு மத்தி வைத்துப் பார்க்கலாம் என்கிறார் மீன்கார அண்ணன். கதவு வளையத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றிச் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன்.