ஓவர்டிரைவ் பிடிக்கவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

எம்ஜிபி, டிரயம்ப் டிஆர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் கியர்பாக்ஸின் வாலில் தொங்கும் லேகாக் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர் யூனிட்) ஒருநாள் வேலை செய்யாமல் போகும். உடனே 'யூனிட் போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எம்ஜிபியில் அதை வெளியே எடுக்க எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்க வேண்டும். அவ்வளவு பெரிய வேலையை இரண்டு ரூபாய் வயர் முனைக்காகச் செய்தவர்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. ஓவர்டிரைவ் பிடித்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் காரை ரிவர்ஸ் எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே உள்ள ஒருவழி உருளை கிளட்ச் பின்பக்கமாகச் சுழல விடாது. கூம்பு கிளட்சோ பிரேக் வளையத்தை இறுகப் பிடித்திருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் உடைவது நல்ல யூனிட்தான். கையால் தள்ளியும் பின்னே கொண்டுபோகாதீர்கள். சோலனாய்டின் (மின்சாரம் வந்ததும் ஓவர்டிரைவைப் பிடிக்கவைக்கும் காந்தச் சுருள்) வயரைக் கழற்றியதும் விடுபட்டால் கோளாறு சுவிட்சிலோ ரிலேயிலோ இருக்கிறது. கழற்றியும் விடவில்லை என்றால் சோலனாய்டின் நெம்புகோல் சிக்கியிருக்கலாம், வால்வின் நுண்துளை அடைத்திருக்கலாம், கூம்பு ஒட்டியிருக்கலாம்.

இனி, பிடிக்காத ஓவர்டிரைவ். முதலில் ஆயில் அளவு. எம்ஜிபியில் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான். நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள பெட்டிக்கு மொத்தம் சுமார் 3.4 லிட்டர். மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் ஏறாது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் எதையும் ஊற்றாதீர்கள். கியருக்கு நல்லது என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஆனால் இந்த யூனிட் இயங்குவதே கூம்பு கிளட்சின் உராய்வால்தான்.

அடுத்து மின்சாரம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, நான்காம் கியர் போட்டு, ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். கீழே 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு சுவிட்சிலிருந்து வரிசையாக வாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது கியர்பாக்ஸ் மேலுள்ள தடுப்பு சுவிட்ச்தான். மேல் கியர்களில் மட்டும் மின்சாரத்தை விடுவது அதன் வேலை. அடியிலுள்ள ஃபைபர் வாஷரின் கனம் மாறினாலே தொடாமல் போகும். அதற்கு அடுத்தபடி துருப்பிடித்த புல்லட் முனைகளும் (தோட்டா வடிவ வயர் இணைப்புகள்) எர்த்தும். சந்தேகம் தீர சோலனாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். அந்த இணைப்பு இருக்கும்வரை ரிவர்ஸ் கியரைத் தொடக் கூடாது.

லேகாக் யூனிட்டில் பல வகைகள் உண்டு. ஏ, டி வகைகளில் சோலனாய்டு வெளியே இருந்து ஒரு நெம்புகோலை இழுக்கும். அதற்குள் இரண்டு சுருள்கள். இழுக்கும் சுருள் 15 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். பிளஞ்சர் (சோலனாய்டுக்குள் நகரும் தண்டு) முழுதாக உள்ளே போனதும் அது துண்டிக்கப்பட்டு, சுமார் 1 ஆம்பியரில் பிடிக்கும் சுருள் மட்டும் நிற்கும். நெம்புகோல் அமைப்பு சற்றே தவறினால் பிளஞ்சர் கடைசிவரை போகாது, பெரிய சுருள் விலகாது, சோலனாய்டு கருகும். புதிது போட்டாலும் மறுபடி கருகும். ஆகவே அம்மீட்டர் வைத்துப் பாருங்கள். மின்சாரம் கொடுத்த நிலையில் நெம்புகோலின் துளையும் உறையின் துளையும் நேராகி, 3/16 அங்குலக் கம்பி நுழைய வேண்டும். எல்ஹெச், ஜே வகைகளில் இந்த நெம்புகோல் கிடையாது. சோலனாய்டும் வால்வும் ஒன்றே.

சோலனாய்டு ஒழுங்காக இழுத்தும் பிடிக்கவில்லையா, அப்போதுதான் ஆயில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஏ வகையில் வால்வு மூடியைத் திறக்கும் முன், எஞ்சின் நின்ற நிலையில் சாவியைப் போட்டு சுவிட்சை 10, 12 முறை தட்டி உள்ளே தேங்கிய அழுத்தத்தை விடுங்கள்; இல்லையேல் ஆயில் முகத்தில் பாயும். வால்வுத் தண்டின் நுண்துளை அடைத்திருந்தால் ஓவர்டிரைவ் விடுபடத் தாமதமாகும். வால்வின் பந்து சரியாக அமராவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. அழுத்தமானி பொருத்துவதென்றால் பின்சக்கரங்களைத் தூக்கி, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, நான்காம் கியரில் ஓட்ட வேண்டும். தண்டு சுழன்றால்தான் பம்ப் இயங்கும். எம்ஜிபியின் எல்ஹெச் வகைக்குச் சுமார் 400 பி.எஸ்.ஐ. மற்றவற்றுக்கு அந்தந்த வகைக்கான கையேட்டைப் பாருங்கள்.

குளிரில் பிடித்து, சூடானதும் நழுவினால் பம்போ ஓ ரிங்கோ (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். சூட்டில் நீர்த்த ஆயில் அந்த இடுக்குகளில் கசிகிறது. ஓவர்டிரைவ் போடாத நேரடி ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் பிரேக்கிங் இல்லை, ரிவர்ஸும் நழுவுகிறது என்றால், அது கூம்பின் லைனிங்கோ ஸ்பிரிங்கோ. உண்மையாகவே யூனிட்டை இறக்க வேண்டிய நிலை அதுதான்.

அடிமூடியைத் திறந்தால் வலை வடிகட்டியையும் கழுவுங்கள். புது ஆயில் ஊற்றியபின் சில கிலோமீட்டர் ஓட்டி, ஓவர்டிரைவைச் சில முறை போட்டெடுத்து, மட்டத்தை மறுபடி பாருங்கள். யூனிட் தன் பங்கை உறிஞ்சியபின் எப்படியும் சற்று இறங்கியிருக்கும்.