பிராட்ஹெட் விலகிப் போனால் சைட்டைத் திருப்பாதீர்கள்

ஒன்டாரியோவின் பல பகுதிகளில் அக்டோபர் தொடக்கத்தில் வில் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய சில வாரங்களில் வில் பழுதுபார்க்கும் எங்களிடம் வருகிறவர்கள் பலரும் பிராட்ஹெட் பற்றி, அதாவது வேட்டைக்கான பிளேடு வைத்த அம்புமுனை பற்றி, சொல்வது ஒரே புகார்தான். "கோடை முழுக்கப் பயிற்சி அம்புமுனையில் அடித்தேன், எல்லாம் நடுவில் விழுந்தது. பிராட்ஹெட் மாட்டியதும் அரை அடி வலப்பக்கம் போகிறது. வேறு பிராட்ஹெட் கொடுங்கள்."

பெரும்பாலும் பிராட்ஹெட்டின் மேல் தவறு இருக்காது. வில்லிலோ, அம்பிலோ, பிடியிலோ முன்பே இருந்த கோளாறைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது.

தொடர்வதற்கு முன் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இது கனடாவில் பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து, பருவத்தில் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதுவது.

பயிற்சி முனை மெலிதாக, உருளையாக இருக்கும். அம்பு நாணிலிருந்து கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் பின்னாலுள்ள இறகுகள் சில கஜத்துக்குள் அதை நேராக்கிவிடும். கோளாறு நம் கண்ணுக்கே படாது. பிராட்ஹெட்டில் அப்படி இல்லை. அதன் பிளேடுகள் முன்பக்கம் வைத்த இறக்கைகள். அம்பு கோணலாகப் போனால் அந்த இறக்கைகளில் காற்று மோதி முனையை ஒரு பக்கம் தள்ளும், பின் இறகுகள் இன்னொரு பக்கம் இழுக்கும். வேகமான காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் கேம் என்ற சக்கரங்கள் வைத்த வில்), அகலமான நிலைப்பிளேடு (விரியாமல் நிலையாக நிற்கும் பிளேடு) மாட்டினால் இந்த இழுபறி இன்னும் கடுமை.

இங்கேதான் பலரும் சைட்டை, அதாவது வில்லில் குறிபார்க்கும் கருவியை, திருப்பி, பிராட்ஹெட் விழும் இடத்துக்குக் குறியை மாற்றிக்கொள்கிறார்கள். குறி 20 கஜத்தில் சரியாகிவிடும். ஆனால் அம்பு இன்னும் கோணலாகத்தான் பறந்துகொண்டிருக்கிறது. தூரமும் காற்றும் மாறினால் விலகலும் மாறும். அதைவிட மோசம், கோணலாகப் போய்ப் படும் அம்பின் விசையில் ஒரு பகுதி தண்டு வளைவதிலேயே வீணாகிறது. இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வரவேண்டிய அம்பு பாதியில் நின்றுவிடும். ரத்தத் தடம் கிடைக்காது. அந்த மான் எங்கோ போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் இருப்பது அதற்காகத்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அம்பிலிருந்து. வில்லைத் தொடுவதற்கு முன் பிராட்ஹெட் மாட்டிய அம்பை ஸ்பின்னரின் உருளைகள் மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். கூர்முனை ஒரே புள்ளியில் நின்று சுற்ற வேண்டும். சின்ன வட்டம் போட்டால் ஏதோ ஒன்று கோணல். எது என்று கண்டுபிடிக்க, அதே முனையைக் கழற்றி இன்னொரு தண்டில் மாட்டிச் சுழற்றுங்கள். ஆட்டம் முனையோடு போனால் முனையில் கோளாறு. பழைய தண்டிலேயே தங்கிவிட்டால், பெரும்பாலும் தண்டை வெட்டிய முகப்பு சதுரமாக இல்லை அல்லது உள்ளே ஒட்டிய, முனையைத் திருகும் இன்சர்ட் சாய்ந்திருக்கிறது. முகப்பைத் தேய்த்துச் சமன்படுத்தும் சின்னக் கருவி ஒன்று கிடைக்கிறது. கார்பன் தூள் மூச்சில் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்த்துவிட்டு, அப்புறம் இன்சர்ட்டை ஒட்டுங்கள். ஆடுகிற அம்பை வைத்துக்கொண்டு வில்லைச் சரிசெய்ய முயன்றால் முடிவே வராது.

அடுத்தது விறைப்பு, கடைகளில் ஸ்பைன் என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளப்பார்கள். அரை அங்குலம் வளைந்தால் 500. எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். தண்டு நீளமாக இருந்தாலும் முனை கனமாக இருந்தாலும், எய்யும்போது அம்பு தளர்வாக நடந்துகொள்ளும். 100 கிரெய்ன் எடையுள்ள முனையில் பழகிவிட்டுப் பருவத்தில் 125 கிரெய்னுக்கு மாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே எடையில் இருக்கட்டும்.

இனி வில். சுமார் 2 மீட்டர் தொலைவிலிருந்து, சட்டத்தில் இறுக்கிய காகிதம் வழியாக எய்து பாருங்கள். முனை போட்ட துளையைச் சுற்றியே இறகுகளின் கீறல் விழுந்தால் நல்லது. இறகுக் கீறல் மேலே கிழிந்திருந்தால் வால் உயர்ந்து போகிறது என்று அர்த்தம். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றலாம் அல்லது அம்பின் பின்முனைப் பிளவான நாக் நாணில் பொருந்தும் இடத்தை இறக்கலாம். எதை மாற்றியும் கிழிசல் மாறவில்லை என்றால் இறகு ரெஸ்ட்டில் உரசுகிறதா பாருங்கள். இறகில் பாதப் பவுடர் ஸ்பிரே அடித்து எய்தால் உரசிய தடம் தெரிந்துவிடும். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பல நேரம் காரணம் கைதான். பிடியை இறுக்கிப் பிடிக்கிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் வில்லை முறுக்குகிறார்கள். விரல்களைத் தளர்த்தி எய்த பிறகு ரெஸ்ட்டைத் தொடுங்கள்.

காகிதம் தொடக்கம்தான். கடைசித் தீர்ப்பு 20, 30, 40 கஜத்தில் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி எய்வதில் இருக்கிறது. பயிற்சி முனைகள் விழும் இடத்தை நோக்கி ரெஸ்ட்டை நகர்த்துங்கள். பிராட்ஹெட் வலப்பக்கம் விழுந்தால் ரெஸ்ட் இடப்பக்கம், தாழ்வாக விழுந்தால் ரெஸ்ட் மேலே. ஒரு முறைக்கு ஓர் அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு போதும், அதற்கு மேல் வேண்டாம். ஓர் அம்பை வைத்து முடிவெடுக்காமல் சில அம்புகள் சேர்ந்து விழும் கூட்டத்தைப் பாருங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றான பிறகு சைட்டைத் திருப்பிக்கொள்ளலாம். எவ்வளவு நகர்த்தியும் ஒன்றாகவில்லை என்றால் ஸ்பைன் பொருந்தவில்லை அல்லது கேம் சாய்ந்திருக்கிறது. அதற்கு வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் வில் பிரஸ் வேண்டும், கடைக்குக் கொண்டு போங்கள்.

விரியும் பிளேடு வாங்கிவிட்டால் இந்த வேலையெல்லாம் வேண்டாமே என்று கேட்பார்கள். மூடியபடி பறப்பதால் விலகல் குறையும் என்பது உண்மை. ஆனால் விரிவதற்கும் விசை செலவாகும். அம்பு கோணலாகவும் போனால் இரட்டை நட்டம். இழுவிசை குறைந்த வில் வைத்திருப்பவர்களுக்கு நான் நிலைப்பிளேடுதான் சொல்வேன். எதை வாங்கினாலும் ஒன்டாரியோவில் மானுக்கு முனையின் அகலம் குறைந்தது 22 மில்லிமீட்டர், வெட்டும் விளிம்பு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் கார்பன் தண்டை இரு கையிலும் பிடித்து, லேசாக வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட தண்டு நாண் தள்ளும்போது நொறுங்கி, வில் பிடித்த கையிலேயே ஏறும். முனையைத் திருகுவதற்கு அதற்கான சாவியைப் பயன்படுத்துங்கள், விரலால் வேண்டாம். பயிற்சிக்கு எய்த பிளேடு நுரை இலக்கில் பட்டு மழுங்கியிருக்கும். காட்டுக்குப் போகும் அம்பில் புதிய பிளேடு மாட்டி, மறுபடி ஸ்பின்னரில் சுழற்றிப் பார்த்துவிட்டு, மூடியுள்ள தூணியில் வையுங்கள்.