வீட்டில் ஜெனரேட்டர் வைப்பதற்கான விதிகள்: சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஏன் கட்டாயம்?

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களிலும், கோடை மழைக்கு முன் சுழன்றடிக்கும் காற்றில் மரக்கிளை முறிந்து கம்பி அறுந்துவிடும் இரவுகளிலும், மதுரையில் ஒரு வீட்டுக்குச் சிறிய ஜெனரேட்டர் பெரிய துணையாக இருக்கிறது. ஆக்சிஜன் கருவியை நம்பி முதியவர் படுத்திருக்கும் வீட்டுக்கும், செல்லூரில் தறியும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டுக்கும் அது ஆடம்பரம் அல்ல. அதை வைத்துக்கொள்வதற்குச் சட்டம் தடை விதிக்கவில்லை. வீட்டு ஒயரிங்குடன் அதை எப்படி இணைக்க வேண்டும் என்பதில்தான் கண்டிப்புக் காட்டுகிறது.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, பாதுகாப்பு விதிகளை வகுக்கும் பொறுப்பை மத்திய மின்சார ஆணையத்திடம் ஒப்படைத்துள்ளது. அந்த ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இல் வெளிவந்து, 2023-இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டன. அவற்றின்படி, பல்பு, மின்விசிறி, பியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர, வீட்டு மின் அமைப்பில் எந்தப் புதிய இணைப்பையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஜெனரேட்டரைக் கடையிலிருந்து கொண்டுவந்து இறக்குபவரே இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு கண்டிப்புக்கும் காரணம் தெருவில் இருக்கிறது. நம் தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்து வீடுகளுக்குத் தருகிறது. அதே டிரான்ஸ்பார்மருக்கு வீட்டுப் பக்கத்திலிருந்து ஜெனரேட்டர் மின்சாரம் போனால், அது அதைத் திரும்பவும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திக் கம்பியில் ஏற்றிவிடும். லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி, வாங்கிக்கொண்டு, மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறி நிற்பவரின் கைக்கு அது போய்ச் சேரும். “சின்ன ஜெனரேட்டர் தெரு முழுவதற்கும் தாங்காது, தானே நின்றுவிடும்” என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. கம்பி அறுந்தோ பியூஸ் பிடுங்கப்பட்டோ தெருவின் ஒரு துண்டு தனியாக நிற்கும்போது, ஜெனரேட்டரை நிறுத்தக்கூடிய பாரமே அங்கே இருக்காது என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, லைன் கிளியர் கிடைத்த பிறகும் கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டாமல் ஒருநாளும் கை வைத்ததில்லை. அவர் பயந்தது துணை மின்நிலையத்துக்கு அல்ல, தெருவில் கேட்கும் ஜெனரேட்டர் சத்தத்துக்குத்தான்.

ஆகவே, மின்வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் எந்த நிலையிலும் ஒன்றுசேர முடியாதபடி, இடையில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இணைந்தால் மறுபக்கம் தானாகத் துண்டிக்கப்படுவதே அதன் அமைப்பு. ஒருமுனை இணைப்பில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் இரண்டு துருவ சுவிட்சும், மும்முனை இணைப்பில் நான்கு துருவ சுவிட்சும் தேவை. நியூட்ரலை மட்டும் பொதுவாக விட்டுவைப்பது கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இருபுறமும் பிளக் பின் உள்ள ஒயரால் சுவர் பிளக்கில் மின்சாரம் கொடுப்பது மிக ஆபத்தான பழக்கம். அதில் பாதுகாப்பு முழுவதும் ஒருவருடைய ஞாபகத்தைத்தான் நம்பியிருக்கிறது. அவர் மறந்த நேரத்தில் மின்வாரிய மின்சாரம் திரும்பினால் ஜெனரேட்டரே தீப்பற்றக்கூடும்.

அடுத்தது எர்த். மும்முனை ஜெனரேட்டரின் உடற்பகுதியைத் தனித்தனியான இரண்டு இணைப்புகளால் எர்த் செய்ய வேண்டும் என்பது விதி; ஒருமுனை ஜெனரேட்டருக்கும் அப்படியே செய்துகொள்வது நல்லது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பாறையும் சரளையுமான நிலத்தில் கோடையில் எர்த் குழி வறண்டு பயனற்றுப் போகிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவதோடு, ஆண்டுக்கு ஒருமுறை எர்த் மின்தடையை அளக்கச் சொல்ல வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும், வீட்டுக்கான கசிவுத் தடுப்பு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழக்கூடியதாக இருப்பது அவசியம். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் பிரேக்கர் தன் வேலையைச் செய்யாது என்பதால், இதை ஒப்பந்ததாரரிடம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

சிம்மக்கல், மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இடமே பெரிய சிக்கல். மாடிப்படிக்கு அடியிலோ மூடிய நடையிலோ வைக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தூங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் எந்த வீட்டையும் பார்க்காதபடி வெளியில் வைக்க வேண்டும். அப்படி இடமில்லாத வீட்டுக்கு இன்வெர்ட்டரே ஏற்றது என்பது என் கருத்து. டீசல் ஜெனரேட்டரின் ஒலி, உறையிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. புகைக்கான புதிய வரம்புகள் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். அதையும் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகக் கலனில் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் எரிபொருள் ஊற்றக் கூடாது. நிறுத்தி, ஆறவிட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் வைக்கும் 62.5 கேவிஏ போன்ற பெரிய ஜெனரேட்டர்களை, இயக்குவதற்கு முன் மின் ஆய்வாளர் பார்வையிட்டு ஒப்புதல் தர வேண்டும். அவருடைய அலுவலகம் மதுரையிலேயே உள்ளது.

மாடியில் சூரிய மின்தகடு உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. மின்வாரியக் கம்பியுடன் இணைந்த சோலார் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் மின்சாரத்தை மின்வாரிய மின்சாரம் என்றே எண்ணி அதற்குள் தன் மின்சாரத்தைச் செலுத்தத் தொடங்கி, ஜெனரேட்டரைப் பழுதாக்கிவிடும். எனவே சோலார் இணைப்பு, சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு முன்னால், மின்வாரியப் பக்கத்தில் அமைய வேண்டும்.

வேலை முடிந்ததும், மின்வாரிய மின்சாரம் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, மீட்டர் பக்கம் வோல்ட் எதுவும் வரவில்லை என்பதை ஒப்பந்ததாரர் வோல்ட் மீட்டர் வைத்து அளந்து காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.