நிரல் எழுதி ஆடும் விளையாட்டை வெளியிடுவதற்கு முன்

பழைய கணினித் திரையின் சாயலில், ஆடுபவரே நிரல் எழுதிப் பார்க்கும் விளையாட்டுகளைத் தனியாளாக உருவாக்குகிறவர்கள், வெளியீட்டுக்கு முன் என்னிடம் சோதனைக்குத் தருவதுண்டு. பெரும்பாலோர் வண்ணங்களையும் ஒலியையும் பற்றியே கேட்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் இதற்குள் எதுவரை செல்ல முடியும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆட்டக்காரர்கள் தங்கள் படைப்புகளைப் பகிர்ந்துகொள்வதே இவ்வகை விளையாட்டின் உயிர். பழைய விளையாட்டுக் கருவியின் சாயலில் அமைந்த பிகோ-8 என்ற மென்பொருளில், 128க்கு 128 புள்ளிகள், 16 வண்ணங்கள், 8192 டோக்கன்கள் (நிரலின் சொல், குறி போன்ற அலகுகள்) என்ற வரம்புக்குள் எழுதிய நிரலை ஒரு பிஎன்ஜி படத்துக்குள்ளேயே பொதிந்து நண்பருக்கு அனுப்பிவிடலாம். அந்த வசதிக்கு ஆசைப்பட்டு லுவா என்ற நிரல் மொழியை அப்படியே தம் விளையாட்டில் இணைப்பவர்கள், கோப்புகளைத் திறக்கும் ஐஓ நூலகமும், கோப்பை அழிக்கவும் இயங்குதளக் கட்டளையை ஏவவும் வல்ல ஓஎஸ் நூலகமும் கூடவே வருவதை மறந்துவிடுகிறார்கள். இவ்விரண்டையும் நீக்கினால் மட்டும் போதாது. திரித்து எழுதப்பட்ட பைட்கோடு (இயந்திரம் ஓட்டுவதற்கென முன்பே மாற்றி வைத்த நிரல்) லுவா இயந்திரத்தையே குலைத்துவிடக்கூடும் என்பதால், மூல நிரலை மட்டும் ஏற்கும்படி அந்த வழியையும் அடைக்க வேண்டும். ஆபத்தானவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதைவிட, வெறும் மேசையில் தொடங்கித் தேவையான கட்டளைகளை மட்டும் எடுத்து வைப்பது பாதுகாப்பானது.

அடுத்தது முடிவில்லாச் சுழல். நான் சோதித்த ஒரு பதிப்பு, திறந்தவுடன் கடைசியாக எழுதிய நிரலைத் தானாகவே ஓட்டும். அதில் நான் எழுதிய நிரல் முடிவின்றிச் சுழன்று விளையாட்டை உறையவைக்க, வலுக்கட்டாயமாக மூடித் திறந்தால் மீண்டும் அதே உறைவு; சேமிப்புக் கோப்பைத் தேடி அழித்த பிறகே மீள முடிந்தது. திரை ஒருமுறை வரையப்படும் ஒரு சட்டகத்துக்கு இத்தனை கட்டளைகள்தான் என்று எண்ணி நிறுத்தும் ஏற்பாடு இதற்குத் தீர்வு. பழைய கணினியின் மெதுவான வேகமும் அதிலேயே கிடைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் அந்த எண்ணிக்கையை வெளியீட்டுக்குப் பின் எளிதில் மாற்ற முடியாது. குறைத்தால் ஆட்டக்காரர்களின் நிரல்கள் நின்றுபோகும். கூட்டினாலோ, வேகத்தை நம்பி எழுதியவை தறிகெட்டு ஓடும். பழைய விளையாட்டுகளுக்காக வேகத்தைக் குறைக்கக் கணினிப் பெட்டியில் டர்போ பொத்தான் வைத்த காலம் சிலருக்கு நினைவிருக்கலாம். எனவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு நிரல் கோப்பிலும் பதிப்பு எண் இருக்கட்டும்.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் 100 டாலர் கட்டணம் செலுத்தி, ‘விரைவில்’ பக்கத்தைக் குறைந்தது இரண்டு வாரங்கள் முன்பே திறக்க வேண்டும் என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்ததே. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதிதான் நம்மைக் கூடுதலாகப் பாதிக்கிறது. ஏனெனில் நமது விளையாட்டில் மொழியைக் கற்கவே அந்த நேரம் போய்விடும். இரண்டு வரி எழுதியவுடன் திரையில் ஏதேனும் அசைய வேண்டும்.

அந்த இரண்டு வரியையும் தட்டச்சு செய்ய முடிய வேண்டும். ஜெர்மானிய விசைப்பலகையில் சதுர அடைப்பும் நெளிவு அடைப்பும் ஆல்ட்ஜிஆர் (AltGr) விசையுடன் சேர்ந்தே வரும். விண்டோஸ் அதைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகக் கொள்வதால், பல விளையாட்டுகள் அதைக் குறுக்குவிசையாக எண்ணி விழுங்கிவிடுகின்றன. விசை அமைப்பை ஜெர்மனுக்கு மாற்றி, ஒரு முழு நிரலையாவது அடித்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.